காலிப் பட்டியல்

"கம்பைலர் ஒரு தப்பும் சொல்லலீங்க, டீச்சர். ஒண்ணுகூடச் சொல்லலீங்க."

நனைந்த சட்டையோடு வாசலில் நின்றபடியே குழந்தைவேலு இதைச் சொன்னார். குடை கையில்தான் இருந்தது. விரிக்க மறந்திருந்தார்.

இன்பவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள வாங்க, வேலண்ணா. முதல்ல தலையைத் துவட்டுங்க."

அது ஒரு வெட்கிரைண்டர் கடையின் மாடி. சனி ஞாயிறுகளில் இன்பவல்லி அங்கே ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற முறையில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு முப்பத்தொரு வயது. குழந்தைவேலு ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பாதி வாழ்க்கையைப் பழைய முறையில் நிரல் எழுதியே கழித்துவிட்டு, பிள்ளை வயசுக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து புதிதாகப் படிக்க வந்தவர்.

"வேலண்ணன் கம்பைலரோட பேசறதைப் பாரு, சம்பந்தி வீட்டுல பேசற மாதிரியே எவ்வளவு பயம்!" என்று பின் பெஞ்சில் கேலி செய்வார்கள். எழுதிய நிரலை ஓடவிடும் முன் வாசித்து, தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போட்டு நிறுத்துவது கம்பைலர். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று வகுப்பு இல்லை. சிரிக்க ஆளும் இல்லை.

ஆசிரியை துண்டை நீட்டினார்.

"சுகந்தி எப்படி இருக்காங்க?"

"அப்படியேதாங்க. மூச்சு விடறது மெஷின்தான்."

சுகந்தி ஒரு நூல்மில் தொழிலாளி. இயந்திரத்தில் கை மாட்டி, பாதி நினைவோடு மருத்துவமனைக்கு வந்தவள். பதிவு செய்யும் இடத்தில் அவசரம். பெயரையும் வயதையும் மட்டும் பதிந்துகொண்டு, மற்றதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

வார்டில் நர்ஸ் கையிலிருந்த திரையைப் பார்த்தார். "மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை" என்று பச்சை எழுத்தில் இருந்தது. பச்சையாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை என்பது அங்கே பழக்கம்.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சுகந்தியின் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டது.

அந்த மருந்து அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கணவன் மாரப்பனுக்கு அது தெரியும். ஊசி போடும்போது அவன் அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வார்டு கதவருகில்தான் நின்றான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனேங்க" என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சண்டை போடும் குரலில் அல்ல. ஒன்றும் விளங்காத குரலில்.

அந்தத் திரைக்கான நிரலை எழுதியவர் குழந்தைவேலு.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில விசாரணைங்க, டீச்சர். எங்க கம்பெனி முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டார். புரோகிராம்ல ஒரு எழுத்தைத் தொடக்கூடாதாம். இப்பத் தொட்டா தப்பு நம்மளுதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். கம்பைலர் பாஸ் பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வான்னுட்டார்."

"சொல்லுங்களேன்."

"நான் சொன்னா யாருங்க நம்புவாங்க? நீங்க வந்து சொன்னா நம்புவாங்க. அந்த பிளகினை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானுங்களே."

அது உண்மைதான்.

கம்பைலரோடு சேர்ந்து ஓடும் துணை நிரல் அந்த பிளகின். அது செய்வது ஒரே வேலை. மருத்துவமனையின் தகவல்கள் எல்லாம் தூரத்தில் ஒரு சர்வரில் இருக்கின்றன. என்னென்ன கேட்டால் அது என்னென்ன தரும், அதில் எது உறுதியாக வரும், எது சில நேரம் வராமலே போகும் என்பதையெல்லாம் அந்தச் சர்வர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. நிரல் எழுதுகிறவர் சர்வரிடம் கேட்க நினைக்கும் ஒவ்வொரு கேள்வியையும் பிளகின் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நிரல் ஓடும்போது அல்ல. அதற்கு முன்பே, கம்பைலர் அதை வாசிக்கும்போதே. இல்லாததைக் கேட்டால் நிறுத்தும். வராமல் போகக்கூடியதைக் கேட்டால், "வராவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்கும். பதில் சொல்லாதவரை நிரலை உருவாக விடாது.

குழந்தைவேலுவுக்கு அதன்மேல் கோயில் காவல்தெய்வத்தின் மீது இருப்பதுபோல ஒரு நம்பிக்கை.

"வேலண்ணா, ஒவ்வாமையைக் கேட்டு எழுதுனீங்களே, அப்ப அது உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"எப்பவும் கேக்கறதுதானுங்க. இந்த இடத்துல சர்வர் ஒண்ணுமே தராமப் போகலாம், போனா என்ன பண்ணுவேன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலிப் பட்டியல்னு வெச்சுக்கோன்னேன்."

"அப்புறம்?"

"வாயை மூடிக்கிச்சு."

ஆசிரியை அவரையே பார்த்தார். குழந்தைவேலுவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. குரல் தானாக உயர்ந்தது.

"நீங்கதானுங்களே சொன்னீங்க! கம்பைலர் வாயை மூடுனா நாம வீட்டுக்குப் போலாம்னு. முதல் வகுப்புலயே சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சோம்."

"சொன்னேன்."

ஆசிரியை மேசையில் இடம் ஒதுக்கினார். பிறகு கையை நீட்டினார்.

"உங்க லேப்டாப்பைக் குடுங்க. அதுல புரோகிராம் ஓடுமில்ல?"

"சோதனைப் பிரதி ஓடுங்க. ஆஸ்பத்திரியில இருக்கற அதே புரோகிராம்தான்."

ஆசிரியை அதைத் திறந்தார். புதிய நோயாளி என்ற இடத்துக்குப் போனார்.

"உங்க மக பேரு என்ன?"

"எதுக்குங்க?"

"பேரு சொல்லுங்க."

"தமயந்தி."

"வயசு?"

"பதினேழு நடக்குது."

இரண்டையும் அடித்தார். வேறு எதையும் கேட்கவில்லை. வேறு எதையும் அடிக்கவும் இல்லை. வார்டுத் திரைக்குப் போய், லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

தமயந்தி. வயது 17. மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை.

பச்சையாக இருந்தது.

"இது தப்புங்க" என்றார் குழந்தைவேலு.

"அப்படிங்களா?"

"அவளுக்கு சல்ஃபா மாத்திரை ஆகாதுங்க. அஞ்சாவது படிக்கறப்ப ஒண்ணு குடுத்து, உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி, ராத்திரியோட ராத்திரியாத் தூக்கிட்டு ஓடுனேன். இதுல வந்து எதுவும் இல்லைன்னு போட்டா எப்படிங்க? யாரு உங்களுக்கு இல்லைன்னு சொன்னது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

நின்றுவிட்டார்.

கீழே கடையில் யாரோ ஒரு கிரைண்டரை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மாவில்லாமல் கல் வெறுமனே சுற்றும் சத்தம் மேலே வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"நான் பேரும் வயசும் மட்டுந்தான் அடிச்சேன், வேலண்ணா" என்றார் ஆசிரியை. "மத்ததெல்லாம் காலி. காலியா இருக்கறதை அது இல்லைன்னு காட்டுது."

குழந்தைவேலு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். துண்டு மடியிலேயே கிடந்தது. வெகுநேரம் அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நிரலைத் திறந்தார். காலிப் பட்டியல் என்று எழுதிய அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே வரி. அழித்தார்.

கம்பைலர் பேச ஆரம்பித்தது.

வார்டுத் திரையில் கேட்டது: வராவிட்டால் என்ன செய்வாய்? மருந்துக்கடைத் திரையில் அதே கேள்வி. அறுவை அறைத் திரையில் அதே கேள்வி. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் அதே கேள்வி. சிவப்புக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின.

எல்லாம் அவர் எழுதியவை. எல்லா இடத்துக்கும் சேர்த்து அவர் என்றோ ஒரு தடவை பதில் சொல்லிவிட்டதால், அதற்கப்புறம் அவற்றில் ஒன்றும் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

"அன்னைக்கு மதியம் சாப்பாட்டுக்கு நேரமாயிருச்சுங்க" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "இந்த ஒரு சிவப்பு போனாப் போதும், சாப்பிடப் போயிரலாம்னுதான்..."

ஆசிரியை எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அவர் அதைத் தொடவில்லை.

ஒவ்வொரு இடமாகப் போனார். ஒவ்வாமை இருக்கிறது. ஒவ்வாமை இல்லை. இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றை எழுதினார்: இன்னும் கேட்கவில்லை. அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்தார். மூன்றில் ஒன்றை எங்காவது எழுதாமல் போனால் கம்பைலர் மேலே நகர விடவில்லை. வழக்கமாக அவர் அதோடு வாய்விட்டுச் சண்டை போடுவார். இன்று அது கேட்டதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

பாதி வேலையில் போன் அடித்தது. முதலாளி.

"அந்தப் பொண்ணு போயிருச்சப்பா" என்றார். "இப்பத்தான் தகவல் வந்துச்சு."

குழந்தைவேலுவின் கை விசைப்பலகையின் மேலேயே நின்றது.

"கேக்குதா? இனிமேத்தான் நாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். ஒரு எழுத்தைத் தொட்டிராதே. நாளைக்கு நான் சொன்னதை மட்டும் சொல்லு. ஏப்பா, லைன்ல இருக்கயா?"

"இருக்கறனுங்க."

"உன் பொண்ணு காலேஜ் சேரப்போகுதில்ல. அதையும் மனசுல வெச்சுக்கோ."

போன் வைக்கப்பட்டது.

அவர் எழுந்து ஜன்னலிடம் போனார். மழை விட்டிருந்தது. ஆனால் வானம் வெளுக்கவில்லை. தெருவில் சாக்கடைத் தண்ணீர் கடைப்படி வரைக்கும் ஏறி நின்றது.

"போயிட்டாங்களாங்ணா?"

"ஆமாங்க."

ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சர், இதை இப்ப நான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டா, நாளைக்கு எல்லாரும் என்னையத்தான் கைகாட்டுவாங்க."

"ஆமாங்ணா."

"வேலை போயிரும்."

"போகலாம்."

"ஏத்திவிட்டாலும் அந்தப் பொண்ணு எந்திரிச்சு வரப்போறதில்லை."

"இல்லீங்ணா."

ஆசிரியை ஆறுதல் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"இந்த நிமிஷம் அங்க படுத்திருக்கறவங்கள்ல, எத்தனை பேரைக் கேக்காமயே விட்டிருக்காங்க?"

"திரையைப் பாத்தாத் தெரியாதுங்க. எல்லாமே பச்சையாத்தான் இருக்கும்."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். மீதியையும் எழுதி முடித்தார். கடைசிச் சிவப்புக் கோடும் மறைந்தது. கம்பைலர் வாயை மூடிக்கொண்டது.

முன்பெல்லாம் அந்த அமைதி வந்ததும் அவர் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்திருப்பார். இப்போது அதைப் பார்த்துப் பயமாக இருந்தது. முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, உதடு அசைய, எல்லாவற்றையும் இன்னொரு முறை வாசித்தார்.

"வேற எங்கயாச்சும் இதே மாதிரி வாயை அடைச்சு வெச்சிருக்கறனாங்க?"

"தெரியலீங்ணா" என்றார் ஆசிரியை. "நாளைக்கு உங்ககூட நானும் வர்றேன். முதல் வகுப்புல நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்னு அவங்களுக்குச் சொல்லணும்."

"நீங்க எதுக்குங்க?"

ஆசிரியை டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குழந்தைவேலு புதிய நிரலை மருத்துவமனைக்கு ஏற்றிவிட்டார். பொத்தானை அழுத்திய விரலை உடனே எடுக்கவில்லை.

ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்திருப்பார். போன் அடித்தது. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கிரகோரி.

"சார், என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க? வார்டு முழுக்க மஞ்சள் மஞ்சளா வருது!"

"எத்தனைங்க?"

"எத்தனைன்னு எண்ணறது! பாதிக் கட்டிலுக்கு மேல மஞ்சள் சார். சின்னப் புள்ளைங்க வார்டுல ஒரு பச்சைகூட இல்லை. காலையில வரைக்கும் எல்லாமே நல்லாத்தானே இருந்துச்சு?"

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊசி போடற நேரம் சார் இது. மருந்தை எடுத்து வெச்சுக்கிட்டு நர்ஸுங்க அத்தனை பேரும் திரையையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. இப்ப அவங்க என்னதான் பண்றது?"

"கேக்கச் சொல்லுங்க" என்றார் குழந்தைவேலு.