யானை ஏறாத குடம்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்துச் செங்குன்ற நாட்டை மகுடபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுக்காரன்தான். ஆனால் காலையில் ஒரு குணம், மாலையில் ஒரு குணம்.

அரண்மனை விருந்துகளுக்கு அரிசிக்கள் புளிக்கவைத்துக் கொடுப்பவள் நாச்சி. அந்த வருஷம் அறுவடை விருந்துக்கு வந்த பக்கத்து நாட்டுத் தூதன் குவளைக்குள் பார்த்துவிட்டு, "இங்கே அரிசி கழுவிய தண்ணீரைத்தான் குடிப்பீர்களோ?" என்று கேட்டுவிட்டான். ராஜாவின் முகம் சுண்டிப்போனது. குவளையின் அடியில் செதுக்கிய சிங்கம் தெரியும்படி கள் தெளிந்து வரவேண்டும், இல்லையென்றால் நாச்சி நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டான்.

நாச்சி கள்ளைத் தென்னம்பன்னாடையில் வடிகட்டினாள். குடத்தின் உட்புறம், கலங்கலைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையை இழைத்து, அசையாமல் வைத்தாள். புளிக்கவைத்த மண்டியெல்லாம் அடியில் படிந்து, மேலே கள் சுனைநீர்போல நின்றது.

ஆனால் அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜாவுக்குப் போகும் எதுவும், வெற்றிலைக் கட்டானாலும், யானைமேல் மேளதாளத்தோடு நான்கு வீதியும் சுற்றித்தான் போகும். யாரும் எதையும் கலந்துவிடாமலிருக்க, கள் ஊறிய குடத்தோடு முத்திரை உடையாமல் போகவேண்டும். இந்த ஊர்வலமெல்லாம் மாவலிராயர் பொறுப்பு. குடம் அரண்மனைக்கு வந்தபோது கள் பழையபடி கலங்கிக் கிடந்தது. வீட்டில் தெளிவாகத்தான் இருந்தது என்று நாச்சி அழுதாள்.

"பின்னே என் யானையா கலக்கிவிட்டது?" என்றார் ராயர்.

மந்திரி திருமேனியின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். தானே தெளியவைத்தால் அந்த ஆசனம் தனக்கு வேண்டும் என்று கேட்டு, பட்டுத்துணியைக் கட்டி கள்ளை ஊற்றினார். கலங்கலாகவே இறங்கியது. எட்டாக மடித்துக் கட்டினார். துணி அடைத்துக்கொண்டு, கனம் தாங்காமல் கிழிந்து, குடத்துக் கள் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான். ஆனாலும் மறுநாள் நாச்சி கிளம்பவேண்டும் என்பதை மட்டும் மாற்றவில்லை.

மந்திரி எழுந்து, தெளிந்த கள்ளைத் தான் காட்டுவதாகவும், அதற்கு ராஜா நாச்சி வீடுவரை நடந்து வரவேண்டும் என்றும் சொன்னார்.

"கள் குடத்தைத் தேடி ராஜா நடப்பதா?" என்று ராயர் குதித்தார்.

"குடத்தை ஆட்டினால் அடியில் கிடக்கிற மண்டி மேலே வரும், ராயரே. மகாராஜாவை எங்கே நடத்தினாலும் அப்படி எதுவும் மேலே வராது என்று நான் நம்புகிறேன். உமக்கு அந்த நம்பிக்கை இல்லையோ?"

ராஜா மறுக்க வழியில்லாமல் நடந்தான்.

நாச்சி வீட்டில் இன்னொரு குடம் அசையாமல் இருந்தது. மேலாக மொண்டு ஊற்றினாள். குவளையின் அடியில் சிங்கம் பிடரிமயிரோடு தெரிந்தது. ராஜா ஒரு மிடறு குடித்துவிட்டு ராயர் பக்கம் திரும்பினான்.

"அப்படியானால் கலக்கியது உம் யானைதான். நாட்டை விட்டுப் போகவேண்டியவர் நீர்தான்."

ராஜா அதே கோபத்தில், குடத்தின் அடியில் கிடந்த மண்டியையும் தெருவில் கொட்டச் சொன்னான். நாச்சி குடத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இதைக் கொட்டிட்டா அடுத்த கள்ளு எப்படிப் புளிக்கும் சாமி? இது கெட்டது இல்லை. இதுக்கு இடம் அடியில. அவ்வளவுதான்."

ராஜா குவளையைப் பார்த்தான். ராயரைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"ராயரே, நீரும் இரும். நாளையிலிருந்து கடைசி வரிசையில்."

நாச்சி அந்த ஊரிலேயே இருந்தாள். அதன்பிறகு எந்த விருந்துக்கும் அவள் குடம் யானை ஏறவில்லை. ராஜாதான் நடந்து போனான்.