ஒன்பதாம் வளையத்தில் கொடி

ஒரு கொடியின் கதை சொல்கிறேன், கேளுங்கள். பாதியிலேயே தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆழித்துறை என்ற பட்டினத்தில் கப்பல்களைப் பங்கு போட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. கப்பல்கள் லாபத்தோடு திரும்பினால் பங்கின் விலை ஏறும், வெறுங்கையோடு வந்தால் இறங்கும். பங்குகள் கைமாறும் சாவடிக்கு முன்னால், பத்து வளையங்கள் பதித்த உயரமான கொடிமரம் ஒன்று நின்றது. மாதம் பிறக்கும் அன்று விலை எந்த அளவில் இருக்கிறதோ அந்த வளையம் வரை கொடி ஏறும். ஏற்றுகிற வேலை சாத்தம்மையுடையது. கூட்டியோ குறைத்தோ காட்டமாட்டேன் என்று கோவிலில் சத்தியம் செய்தபிறகுதான் கயிறு அவள் கைக்கு வந்தது. பதினாறு வருடமாக அவள் ஒரு விரற்கடை பிசகியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் கொடி பளிச்சென்று தெரியும். அதை வைத்து அரசரின் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். கொடி ஐந்தாம் வளையத்துக்கு மேலே பறந்தால் நாடு செழிப்பாக இருக்கிறது, அந்த மாதம் வரி வாங்கலாம். கீழே இறங்கிவிட்டால் நாடு நலிந்திருக்கிறது, வரியை நிறுத்திவிட்டுக் களஞ்சியத்தைத் திறக்க வேண்டும். அந்தக் காலத்துக்கு அது நல்ல சட்டம்தான். அப்போது கப்பல்கள் வெளியே கொண்டுபோனது உள்நாட்டில் விளைந்த பருத்தியையும் மிளகையும். நிலம் விளைந்தால் கப்பல் நிறையும், கப்பல் நிறைந்தால் கொடி ஏறும்.

பேரன் காலத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. கொண்டுபோகச் சரக்கில்லாத கப்பல்கள் வெளிநாட்டிலிருந்து அரிசியைக் கொண்டுவந்தன. அந்த அரிசி மூன்று மடங்கு விலைக்கு விற்றது. வயல் காய்ந்துபோன உள்நாட்டார் அவ்வளவு காசுக்கு எங்கே போவார்கள்? கப்பலில் பங்கு வைத்திருந்தவர்களுக்கோ நல்ல வேட்டை. கொடி ஏழுக்குப் போனது, எட்டுக்குப் போனது.

மாசி பிறந்த அன்று காலை, உள்நாட்டில் உழுது பிழைக்கும் தம்பி நல்லான் சாத்தம்மையைத் தேடிக்கொண்டு கொடிமரத்தடிக்கே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்த அவனை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"விதைநெல்லையும் குத்தித் தின்னுட்டோம், அக்கா. அரண்மனை வாசல்ல போய் அழுதோம். 'கொடி எட்டுல பறக்குது, உங்களுக்கு மட்டும் என்ன பஞ்சம்'னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. இந்த மாசமும் வரி கேட்டு ஆள் வந்தா, ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்."

அதே நேரம் வணிகர் தலைவர் கூத்தப்பெருமாள் செட்டியார் சாவடிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஒம்பதும்மா! ஒம்பதாம் வளையம்!" என்று உற்சாகமாகக் கத்திவிட்டு உள்ளே போய்விட்டார். சாத்தம்மை ஏற்றும் கொடியை யாரும் அண்ணாந்து சரிபார்ப்பதில்லை. அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சாத்தம்மை கயிற்றைக் கையில் எடுத்தாள். கோவிலில் செய்த சத்தியம் ஒரு பக்கம், தம்பியின் முகம் ஒரு பக்கம். நெடுநேரம் கயிற்றைப் பிடித்தபடி நின்றவள், கடைசியில் கொடியை மூன்றாம் வளையத்தில் நிறுத்தி முடிச்சுப் போட்டாள்.

உச்சிப்பொழுதுக்குள் களஞ்சியம் திறந்தது. நெல் வண்டிகள் உள்நாட்டுப் பாதையில் வரிசை கட்டிப் போயின. அதே நேரத்தில் உப்பங்கழிக்கு அக்கரையில் கப்பல்பாய் தைக்கும் மருதனும் கொடியைப் பார்த்தான். எட்டிலிருந்து மூன்றுக்கு விழுந்திருக்கிறதே, கப்பல்கள் மூழ்கிவிட்டன போலிருக்கிறது என்று பதறி, பத்து வருட உழைப்பில் வாங்கியிருந்த ஒரே பங்கை எதிர்ப்பட்ட வழிப்போக்கனிடம் பாதி விலைக்கு விற்றுவிட்டான்.

மறுநாள் வழக்கு சபைக்கு வந்தது.

"வெல ஒம்பது. நாங்க சொன்னது சத்தியம்," என்றார் செட்டியார். "பொய் சொன்னது இந்தம்மா. இனிமே இந்தக் கொடிய எவன் நம்புவான்?"

"இவங்க கை தப்பாதுன்னு நம்பித்தானே வித்தேன், மகராசா," என்று மருதன் அழுதான்.

அரசர், "கொடி இறங்கியது, திறந்தேன். சட்டப்படி நடந்த என்மேல் என்ன குறை?" என்றார்.

சாத்தம்மை கைகூப்பினாள். "நான் சொன்னது பொய்தான், மகராசா. என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்குறேன். போன வண்டிகள மட்டும் திருப்பிக் கூப்பிட்டுறாதீங்க."

இப்போது நீங்கள் வாய் திறக்கலாம். செட்டியார் உண்மையைச் சொன்னார், நாடு பட்டினி கிடந்தது. சாத்தம்மை பொய் சொன்னாள், நாட்டுக்குச் சோறு கிடைத்தது. அரசர் சட்டத்தை மீறவே இல்லை. மருதனின் நஷ்டத்தை இந்த மூவரில் யார் ஈடுகட்ட வேண்டும்?

விடை: அரசர்தான். கப்பல் சம்பாதிக்கிறது என்றுதான் செட்டியார் சொன்னார்; ஊர் சாப்பிட்டது என்று அவர் சொல்லவில்லை. சாத்தம்மை செய்தது குற்றமே. இன்று இரக்கத்துக்காக இறங்கும் கொடி நாளைக்கு லஞ்சத்துக்காகவும் இறங்கும். ஆனால் அவளை அந்த நிலைமைக்குத் தள்ளியது அரசரின் சட்டம். பருத்தி வெளியே போனவரை கொடி விளைச்சலைக் காட்டியது. அரிசி உள்ளே வரத் தொடங்கியபின் பஞ்சம் முற்ற முற்றக் கொடி ஏறியது. கப்பல் சுமப்பது மாறியபோதே சட்டத்தை மாற்றியிருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அரசர் யோசித்துப் பார்த்து அதை ஒப்புக்கொண்டார். மருதனின் நஷ்டத்தை அரண்மனை கொடுத்தது. சாத்தம்மையின் கையிலிருந்து கயிறு போயிற்று, வண்டிகள் திரும்பவில்லை. அடுத்த அறுவடை வரை அரசர் தம் சபையை நல்லானின் ஊருக்கு மாற்றிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் கொடி தெரியாது.