காலைத் தண்ணீரில் காட்டிய இடம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

என்னிடம் இருப்பது ஒரே படகு. அதைக் கட்டி வைக்கப் படகுத்துறையில் சொந்தமாக ஓர் இடம் வாங்கப் போனேன். விற்கிற ரொட்ரிகோ முதலாளி, காலையில் தண்ணீர் தளும்பி நிற்கும்போது என்னையும் இடம் வாங்க வந்த இன்னும் நாலு பேரையும் கூட்டிப்போய்க் காட்டினார்.

"ஒரு குறை சொல்லும்மா பார்ப்போம். சொல்ல முடியலேன்னா இப்பவே கையெழுத்துப் போடு."

அங்கே படகுகளின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுகிற கூலிக்காரி கித்தேரி முன்னால் வந்தாள்.

"குறை சொல்ல நாங்க யாரு முதலாளி? இவ்வளவு நல்ல இடத்துல உங்க புதுப் படகை மத்தியானம் வரைக்கும் கட்டிவைங்க. அக்கா கண்ணாரப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியால் மறுக்க முடியவில்லை, கட்டினார். மத்தியானம் கடல் வற்றியதும் அந்த வெள்ளைப் படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது.

"படகு படுத்திருச்சே முதலாளி, தலையணை கொண்டாரட்டுமா?" என்றாள் கித்தேரி.

அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. வேறு துறையில் இடம் பார்த்தபோது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ரொம்பவே வற்றுகிற நேரமாகப் பார்த்து அவளைக் கூட்டிப்போனேன். அவள் மூங்கில் விட்டு ஆழம் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.