பழையதை எடுத்துவிடவா?

இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தேழு வயது. சீடருக்கு ஐம்பத்து நாலு.

குரு பர்வீன், போளூரில் சின்னதாக ஒரு கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறவர். சீடர் ஏகாம்பரம், முப்பது வருஷமாகக் கணக்கு வாத்தியார். வகுப்பில் அவர் செருமினாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கணினி முன்னால் உட்கார்ந்தால் அவருக்கே உள்ளங்கை வியர்த்துவிடும்.

திங்கட்கிழமை அவர் மலைப் பள்ளிக்கு மாற்றலாகிப் போகிறார். கணினிப் பாடமும் அவர் தலையில்தான். அங்கே ஒன்பது மடிக்கணினிகள். எல்லாவற்றிலும் பைத்தான் என்ற நிரல் மொழியைப் புதிதாக நிறுவ வேண்டும். நெட் உண்டு. ஏதாவது கெட்டால் கேட்க ஆள்தான் நாற்பது கிலோமீட்டருக்குக் கிடையாது.

பழகிக்கொள்ள அந்த மடிக்கணினிகளில் ஒன்றைக் கையோடு வாங்கி வந்திருந்தார். போன வருஷப் பிள்ளைகள் தட்டச்சு செய்த அறுபது கதைகள் அதற்குள் இருந்தன. வேறெங்கும் அவை இல்லை.

காலையில் மையத்தின் விண்டோஸ் கணினியில் பாடம் நடந்தது. பழைய பதிப்பை நீக்கினார்கள், புதியதை ஏற்றினார்கள். மேக்கிலும் சிக்கலில்லை. ஏகாம்பரம் ஒவ்வொரு படியையும் எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் படி: பழையதை நீக்கு.

மலைப் பள்ளி மடிக்கணினியில் இருந்ததோ லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம். பர்வீன் போன் பேச வெளியே போனார். திரும்பி வருவதற்குள் ஒரு படியாவது முடித்துவிடலாமே என்று ஏகாம்பரம் பழையதை நீக்கும் கட்டளையைத் தேடிப்பிடித்து அடித்தார். கணினி நீளமாக ஒரு பட்டியல் போட்டு ஏதோ கேட்டது. அத்தனை எழுத்தையும் அவர் படிக்கவில்லை. முடிந்தால் போதும் என்று 'ஆம்' கொடுத்துவிட்டார். திரையில் இருந்ததெல்லாம் போயிற்று. கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னியது.

சட்டென்று மூடிவிட்டார்.

"சார்ஜ் தீந்துடுச்சும்மா" என்றார், பர்வீன் உள்ளே வந்ததும். இந்த மாதிரிப் பொய்யைப் பிள்ளைகளிடம் எத்தனை முறை பிடித்திருப்பார்!

பர்வீன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்.

"என்ன பண்ணீங்க சார்?"

"பழசை எடுத்தேன். கதையெல்லாம் போச்சாம்மா?"

"கதை இருக்கு. திரைதான் போச்சு." ஏதோ தட்டினார். நீக்கியவற்றின் பட்டியல் வந்தது. "எதுக்கு ஆம் சொன்னீங்கன்னு இப்ப படிங்க."

நூற்றுப்பதினோரு பெயர்கள் இருந்தன.

"இதெல்லாம் என்னம்மா?"

"திரை, மெனு, செட்டிங்ஸ். லினக்ஸ் தன்னோட வேலைக்கே அந்தப் பழைய பைத்தானை வெச்சிருக்கு சார். புதுசைப் பக்கத்துல வெச்சாப் போதும். பழசை எடுத்தா இத்தனையும் போகும், எடுத்துடவான்னு அது உங்களைக் கேட்டுச்சு."

நெட் கேபிளைச் செருகி அரைமணியில் எல்லாவற்றையும் மீட்டார். ஏகாம்பரம் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அங்க இப்படி ஆச்சுன்னா யாரைம்மா கேப்பேன்? இது எனக்கு ஆகாத வேலை. நான் முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடறேன்."

பர்வீன் ஒரு பென் டிரைவைச் செருகினார். சற்று நேரம் கழித்து உருவி, ஏகாம்பரத்தின் சட்டைப்பையில் போட்டார். பிறகு அவர் அடித்த அதே கட்டளையை அடித்தார். அதே பட்டியல் வந்தது.

"ஐயோ, வேணாம்மா!"

பர்வீன் 'ஆம்' கொடுத்தார். மறுபடி கறுப்புத் திரை. மடிக்கணினியை ஏகாம்பரம் பக்கம் தள்ளினார்.

"இப்ப நீங்க கொண்டுவாங்க சார்."

பர்வீன் மீட்டபோது அடித்ததை ஏகாம்பரம் நினைவுபடுத்திக்கொண்டார். அந்தக் கட்டளையை அடித்தார். தப்பு. மறுபடி அடித்தார். கணினி பட்டியல் போட்டுக் கேட்டது. விரல் பழையபடி விசைக்குப் போய், நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல உதடு அசைய ஒவ்வொரு பெயராகப் படித்தார். கடைசிப் பெயரையும் படித்த பிறகுதான் 'ஆம்' கொடுத்தார்.

மசூதியில் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்போது திரை திரும்பி வந்தது. அறுபது கதைகளும் இருந்தன.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"உங்களுக்குப் பயமே வராதாம்மா?"

பர்வீன் அவர் சட்டைப்பையைக் காட்டினார்.

"வராமலா சார், முதல்ல கதையைக் காப்பி எடுத்தேன்?"