ஆளுக்குக் கால் வெப்சைட்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பேர் எதற்கு, பாவம், அவர்களும் பிழைக்க வேண்டாமா? அங்கே கம்ப்யூட்டர் படித்த நாலு பேரின் கதை இது. நாலு பேரும் தங்கமான பிள்ளைகள். வாத்தியார் சொன்ன சொல்லில் ஒரு எழுத்தைக்கூடத் தட்ட மாட்டார்கள். வந்த வினை எல்லாம் அதனால்தான்.

நாலு பேருக்கும் தலைவி செண்பகவல்லி. எழுத்துப் பரீட்சை எல்லாவற்றையும் எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிட்டாள். பாக்கி இருந்தது வெப்சைட் செய்கிற புராஜெக்ட் ஒன்றுதான். திருநெல்வேலியில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பாஸ் என்ற தாளோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. பெயிலானால் இன்னொரு வருஷம் அதே வகுப்பு. அதில் கொடுமை என்னவென்றால், அவளுக்கு ஒரு வகுப்பு கீழே அவளுடைய தங்கை பூரணி படித்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்?

"என் பெஞ்சுல ஏற்கெனவே மூணு பேரு இருக்கோம். நீயும் வந்தா நான் எங்கக்கா உக்காருவேன்? உனக்குப் புண்ணியமாப் போவும், பாஸாகிப் போயிரு" என்று பூரணி தினமும் காலையில் கும்பிட்டாள்.

செண்பகவல்லிக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் முதல் நாளே மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஞானதிரவியம் சார் முன்னால் போய் நின்றாள். ஆவுடையப்பன், போன் கீழே விழுந்து கண்ணாடி கீறிப்போனவன். சுடலைமுத்து, எதையும் ஆழமாக யோசிக்கிறவன். ஆக்னஸ், நோட்டும் பேனாவுமாகவே பிறந்தவள்.

ஞானதிரவியம் சார் சொன்னார். "மைக்செட் வாடகைக்கு விடுற சங்கிலி அண்ணாச்சிக்கு ஒரு வெப்சைட் செய்யுங்க. ஒருத்தன் வேலை பாக்க, மூணு பேரு கேன்டீன்ல பஜ்ஜி திங்கிற கதையெல்லாம் என்கிட்ட நடக்காது. எதுவா இருந்தாலும் நாலு பேருக்கும் சமமாப் பங்கு. எந்த போன்ல பாத்தாலும் சைட்டு ஒரே மாதிரி இருக்கணும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியக் கூடாது. முடிச்ச பிறகு, ஒண்ணும் தெரியாத ஒருத்தர்கிட்ட சைட்டைக் குடுங்க. அவரு என்ன முழிச்சாலும் உதவி செய்யக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அவரு செய்யறதை எல்லாம் எழுதிக்கிட்டே இருக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றார்கள் நாலு பேரும். ஆக்னஸ் 'புரிஞ்சுதா' என்பது வரைக்கும் எழுதிக்கொண்டாள்.

வேலை மறுநாளே ஆரம்பித்தது. ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் வரிசையாக நாலு நாற்காலி. செண்பகவல்லி ஒரு வார்த்தை அடிப்பாள், எழுந்து நகர்வாள். அடுத்த வார்த்தை ஆவுடை, அதற்கடுத்தது சுடலை, நாலாவது ஆக்னஸ். பிறகு மறுபடியும் செண்பகவல்லி. 'வணக்கம்' என்பது ஒரே வார்த்தையாகப் போய்விட்டதால் அதை மட்டும் நாலு தடவை அடித்தார்கள்.

நடுவில் ஆக்னஸ் சித்தி மகள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்விட்டாள். மூன்று நாள் வேலை நிற்குமா? நிற்கவில்லை. ஆக்னஸ் பங்கு வருகிற இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுவிட்டு மற்றவர்கள் அடித்துக்கொண்டே போனார்கள்.

"அவ இடத்துல நாமளே ஒரு வார்த்தையைப் போட்டா என்ன?" என்று ஆவுடை கேட்டான்.

"ஏன்லே, அடுத்தவ பங்கை எடுத்துத் திங்கவா பாக்க?" என்று செண்பகவல்லி சீறினாள். ஆவுடை வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டான்.

கல்யாண வீட்டிலிருந்து நேரே வந்த ஆக்னஸ், முன்னே பின்னே படித்துப் பார்க்காமல் (அது அடுத்தவர் பங்காயிற்றே) தன் இடங்களை எல்லாம் நிரப்பினாள். அப்படித்தான் சங்கிலி அண்ணாச்சியின் சைட்டில், 'எங்களிடம் மைக், ஸ்பீக்கர், பிரியாணி வாடகைக்குக் கிடைக்கும்' என்ற வரி வந்து சேர்ந்தது.

அடுத்தது போன் விவகாரம். நாலு போன்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். மூன்றில் சங்கிலி அண்ணாச்சியின் போட்டோ பளிச்சென்று இருந்தது. ஆவுடையின் போனில் மட்டும் அண்ணாச்சியின் இடது புருவத்திலிருந்து வலது தாடை வரைக்கும் ஒரு கீறல்.

"ஒரே மாதிரி இல்லையே" என்றாள் செண்பகவல்லி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பூரணியின் பெஞ்சு கண் முன்னால் வந்துபோனது.

சுடலை வெகுநேரம் யோசித்தான். "கண்ணாடியை மாத்த வேண்டாம். சைட்டுலயே ஒரு கீறலைப் போட்டுருவோம். அப்ப உலகத்துல எந்த போன்ல பாத்தாலும் கீறல் இருக்கும்லா?"

எல்லாரும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அளவு எடுத்து, அதே சாய்வில், அதே நீளத்தில், போட்டோவின் குறுக்கே கீறல் வரைந்தார்கள். மறுபடியும் நாலு போன்களையும் வைத்துப் பார்த்தார்கள்.

"இப்ப என் போன்ல ரெண்டு கீறல் தெரியுதே!" என்றான் ஆவுடை.

"அப்ப சைட்டுல இன்னொண்ணு போடுவோம்."

"போட்டா எனக்கு மூணு ஆயிருமே."

மத்தியானம் வரைக்கும் வாதம் நடந்தது. பன்னிரண்டு கீறல் வரைக்கும் போய், அண்ணாச்சி கம்பி எண்ணுகிறவர் மாதிரி ஆனதும் பயந்து, திரும்ப ஒன்றுக்கு வந்தார்கள். கடைசியில், ஆவுடை இனிமேல் போனைக் குப்புறப் போட்டே வைத்திருக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவானது.

சங்கிலி அண்ணாச்சியிடம் காட்டினார்கள். "மூஞ்சியில என்னடே கோடு?" என்றார்.

"எந்த போன்ல வேணா பாருங்க அண்ணாச்சி, அதே கோடு இருக்கும்" என்றாள் செண்பகவல்லி பெருமையோடு.

அண்ணாச்சி தன் போனில் பார்த்தார். கடைப் பையன்கள் போனில் பார்த்தார். எதிரே கிளினிக் வைத்திருந்த டாக்டர் போனிலும் பார்த்தார். எல்லாவற்றிலும் கோடு இருந்தது. இத்தனை போனும் பொய் சொல்லாது என்று நினைத்தவர், உள்ளே போய் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

சைட் முடிந்தது. இனி, ஒன்றும் தெரியாத ஒருத்தரைக் கண்டுபிடிக்க வேண்டும். அது அவ்வளவு லேசான காரியமாக இல்லை.

"டீக்கடை அண்ணாச்சி?"

"அவருக்கு டீ போடத் தெரியும்."

"பஸ் ஸ்டாண்டுல தூங்குதாரே, அந்தத் தாத்தா?"

"அவருக்குத் தூங்கத் தெரியுதே, ஏட்டி."

சரி, நேரே கேட்டுவிடுவோம் என்று ஊருக்குள் கிளம்பினார்கள். "அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாமே, நெசமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பரோட்டாக் கடைக்காரர் கரண்டியைத் தூக்கினார். பேங்க் மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். சலூன்காரர் மட்டும் நிதானமானவர். "இதுக்கு ஏன் ஊரெல்லாம் சுத்துதீங்க? இந்தக் கண்ணாடியைப் பாருங்க, ஆள் கிடைக்கும்" என்றார்.

நாலு பேரும் கண்ணாடியை உற்றுப் பார்த்தார்கள்.

"இதுல நாலு பேரு இருக்காங்க அண்ணாச்சி. சார் ஒருத்தருன்னுல்லா சொன்னாரு?" என்று செண்பகவல்லி வருத்தத்தோடு சொன்னாள். வெறுங்கையோடு திரும்பினார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் பாஸ்வேர்டு போட்டார்கள். சைட்டை யார் திறந்தாலும் முதலில் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்தாயிற்று. மொத்தம் எட்டு எழுத்து, ஆளுக்கு ரெண்டு. ஒருத்தர் அடிக்கும்போது மற்ற மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சுடலை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். அவன் யோசிக்கிறவன் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

விடிந்தது. மதுரையிலிருந்து தேர்வாளர் வந்துவிட்டார். இவர்கள் முறை வருவதற்குள் பன்னிரண்டு டீம்களைப் பார்த்துக் களைத்திருந்தார். பக்கத்தில் ஞானதிரவியம் சாரும் நின்றார். செண்பகவல்லி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சார், ரெண்டு பேரும் கொஞ்சம் சுவரைப் பாத்துத் திரும்பிக்கோங்க" என்றாள்.

தேர்வாளரும் ஞானதிரவியம் சாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். திரும்பி நின்றார்கள். அடிக்கிறவர் போக மற்ற மூன்று பேரும் திரும்பிக்கொண்டார்கள். செண்பகவல்லி ரெண்டு எழுத்து அடித்தாள். ஆவுடை ரெண்டு. அடுத்து சுடலை போய் உட்கார்ந்தான். சத்தமே இல்லை.

"சுடல, அடிலே."

"என்னத்தை அடிக்க?"

"நேத்து அடிச்சதை."

"அது எனக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சார் சொன்னாரு. நானும் ஒரு ஆளுதானே? அதனால கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தபடியே யோசித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. நமக்கு இது தோன்றவில்லையே என்று செண்பகவல்லிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தேர்வாளருக்குப் பொறுமை போய்விட்டது. திரும்பினார். "பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது! சைட்டைக் காட்டுங்க!"

நாலு பேர் முகமும் மலர்ந்தது. ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத மனுஷர், மதுரையிலிருந்து தானாக வந்து, தன் வாயாலேயே சொல்லிவிட்டார்! செண்பகவல்லி அவரைப் பவ்யமாக நாற்காலியில் உட்கார வைத்தாள். நாலு பேரும் வாயை இறுக்க மூடிக்கொண்டார்கள். ஆக்னஸ் நோட்டைத் திறந்தாள்.

"என்னம்மா, பதில் சொல்லுங்க" என்றார் தேர்வாளர். ஆக்னஸ் எழுதினாள். அவர் கத்தினார். அதையும் எழுதினாள். ஞானதிரவியம் சார் தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் தேர்வாளர் அந்த நோட்டைப் பிடுங்கிப் படித்தார்.

'12.42. தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். 12.43. மவுஸைத் தட்டினார். 12.45. மேஜையைத் தட்டினார். 12.48. தண்ணீர் கேட்டார். உதவி செய்யக் கூடாது என்பதால் கொடுக்கவில்லை. 12.52. ஞானதிரவியம் சாரைப் பார்த்தார். சார் மேலே பார்த்தார். 12.55. இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது என்றார்.'

தேர்வாளரின் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"காலையிலேருந்து பன்னிரண்டு டீமும் 'பயன்படுத்தியவர்கள் மகிழ்ச்சி அடைந்தனர்'னு ஒரே வரியைப் பாத்து எழுதியிருக்காங்க. ஒரு மனுஷன் படற பாட்டை உள்ளது உள்ளபடி எழுதினது இவங்கதான் சார்" என்றார் ஞானதிரவியத்திடம். அவர்கள் கொடுத்திருந்த பைலில் சைட்டின் பிரின்ட்டைப் பார்த்தார், அண்ணாச்சியின் முகத்திலிருந்த கோட்டை விரலால் துடைத்துப் பார்த்தார், பேனாவை எடுத்தார். "இந்த டீமுக்கு அறுபது மார்க்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

வெளியே வந்ததும் ஆவுடை துள்ளினான். "பாஸ் மார்க் நாப்பது. நமக்கு அறுபது!"

சுடலை அவனை நிறுத்தினான். "டீமுக்குத்தானே அறுபது. எதுவா இருந்தாலும் சமமாப் பங்குன்னு சார் சொன்னாருல்லா? நாலு பேருக்குப் பிரி. ஆளுக்குப் பதினஞ்சு."

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டும் பதினைந்துதானா! ஆனால் கணக்கு சரியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பூரணியின் வகுப்புக்குப் போனாள். மற்ற மூன்று பேரும் பின்னால் வந்தார்கள்.

"நகந்து உக்காரு பூரணி" என்றாள்.

ஏழு பேர் ஒரு பெஞ்சில் நெருக்கிக்கொண்டிருப்பதைக் கேள்விப்பட்டு ஞானதிரவியம் சார் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்து நின்றார். "ஆளுக்கு அறுபது! ஒவ்வொருத்தருக்கும் முழுசா அறுபது! எல்லாரும் பாஸ். செண்பகவல்லி, நீ திருநெல்வேலிக்குப் பஸ் ஏறு தாயி, ஏறு!"

செண்பகவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பூரணி அக்காவைவிட அதிகமாக அழுதாள். நாலு பேரும் சிரித்துக்கொண்டே வாசல் வரைக்கும் போனார்கள்.

வாசலில் சுடலை நின்றுவிட்டான். "ஆளுக்கு அறுபதுன்னா மொத்தம் இருநூத்தி நாப்பதுல்லா? புராஜெக்ட்டுக்கே நூறு மார்க்தான். சார் நம்ம மேல உள்ள பிரியத்துல நூத்தி நாப்பது கூடக் குடுத்துட்டாரு. நாளைக்கு அவரு வேலைக்கு ஆபத்து வந்திரும்."

சாருக்கு ஆபத்தா? நாலு பேருக்கும் பதறிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, ஆளுக்கொரு வார்த்தையாக விண்ணப்பம் எழுதினார்கள். 'தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த நூற்று நாற்பது மார்க்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.' ஆபீஸ் ஜன்னலில் இருந்த கிளார்க், சாப்பாட்டு நேர அவசரத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் 'பெறப்பட்டது' என்று சீல் குத்தி நகலைக் கையில் கொடுத்தார்.

செண்பகவல்லிக்கு மனசு லேசாகிவிட்டது. சாரைக் காப்பாற்றியாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். பத்தடி போயிருப்பாள். நின்றாள். விரல் விட்டு எண்ணினாள்.

"சுடல, நூத்தி நாப்பதைத் திருப்பிக் குடுத்துட்டோம். மிச்சம் எவ்வளவுலே?"

"நூறு."

"நாலு பேருக்கு?"

"ஆளுக்கு இருபத்தஞ்சு."

கொஞ்ச நேரத்தில், ஞானதிரவியம் சாரின் அறைக் கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள் பூரணி.

"சார், மறுபடியும் வந்துட்டாங்க சார்!"