மாசியில் பார்த்த சிக்னல்

மலை உச்சியில் ஒரு வரையாடு இருந்தது. அடிவாரத்து ஓடைக்கரையில், ஒரு பாறையிடுக்கில் சருகுமான் தன் குட்டியோடு இருந்தது. உச்சியில் மழை கொட்டினால் ஓடை பொங்கும். போன வருஷம் அப்படிப் பொங்கியதில் சருகுமான் ஒரு குட்டியைப் பறிகொடுத்திருந்தது.

"மேலே மழை வலுத்தா உடனே எனக்குத் தெரியணும்" என்று அது கேட்டது.

மிருகங்கள் கூடிப் பேசின. கம்பியில்லா இணையம் போடுவதென்று முடிவானது. வேலையை நரி எடுத்துக்கொண்டது. அதற்கு வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அதன் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது.

அது மாசி மாதம். நரி பாறைமேல் ஏறி நின்று பார்த்தது. "உச்சி பளிச்சுனு தெரியுது! வரையாட்டுக் கொம்புகூடத் தெரியுது! அங்கே டவர், இங்கே தட்டு. முடிஞ்சுது வேலை!"

கரையோர இலவமரங்களில் குடியிருந்த மந்தி இறங்கி வந்தது. "அண்ணே, மரமெல்லாம் இப்ப மொட்டையா நிக்குது. வைகாசியில இலை அடைச்சிடுமே! பக்கத்துக் குன்றுல இன்னொரு டவர் வச்சு, சிக்னலைச் சுத்திக் கொண்டுவாங்க!"

"அந்தக் குன்றுல யார் ஏறுறது? நான் கண்ணால பார்த்துச் சொல்றேன். நீ இல்லாத இலையைப் பத்திப் பேசுற!"

எல்லா மிருகங்களும் சிரித்தன. டவர் எழுந்தது. சருகுமானின் பாறைமேல் தட்டும், செய்தி சொல்லும் பெட்டியும் வைத்தார்கள். "சௌக்கியமா?" என்று வரையாடு அனுப்பிய முதல் செய்தி நொடியில் வந்தது. நரிக்கு மாலை போட்டார்கள்.

வைகாசியில் இலை அடைத்தது. சிக்னல் நின்றது.

"அண்ணே, ஒண்ணுமே வரலையே!" என்று சருகுமான் நரியிடம் ஓடியது.

"பெட்டியை அணைச்சுட்டுப் போடு!"

சருகுமான் பதினொரு முறை அணைத்துப் போட்டது. பெட்டியைக் குறை சொல்ல முடியாது. நன்றாக அணைந்தது, நன்றாக எரிந்தது.

ஆனியில் ஒரு மத்தியானம் உச்சியில் மழை கொட்டியது. வரையாடு பதறிப்போய்ச் செய்தி அனுப்பியது. கீழே எதுவும் வரவில்லை. இடுக்கில் புகுந்த தண்ணீர் குட்டியின் வயிற்றைத் தொட்ட பிறகுதான் சருகுமானுக்கு விஷயம் தெரிந்தது. குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு பாறைமேல் ஏறியது. பாதியில் வெள்ளம் குட்டியை இழுத்தது. மந்தி மரத்திலிருந்து பாறைக்குத் தாவி, அதன் காதைப் பிடித்து மேலே தூக்கிப் போட்டது. நரியும் சொட்டச் சொட்ட நனைந்து அங்கே வந்து சேர்ந்தது.

வெள்ளம் இலவமரங்களை ஒவ்வொன்றாக வேரோடு சாய்த்து இழுத்துக்கொண்டு போனது. கடைசி மரமும் போனது. பெட்டி கீச்சென்று கத்தியது.

"வெள்ளம் வருது! உடனே மேட்டுக்கு ஓடு!"

"பார்த்தியா, வேலை செய்யுது!" என்றது நரி.

சருகுமான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடுங்கும் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

இன்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பிச் செய்த வேலை, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது.