துணி அடைத்த மணி

ஜப்பானின் மலைநாட்டில் ஓர் ஒற்றைப் பெட்டி ரயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதில் கிசாகுவையும் அவருடைய குருவான துறவி தெய்ஷுன்னையும் தவிர வேறு யாரும் இல்லை. கிசாகுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தெய்ஷுன்னுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மகள் வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒவ்வொரு சுரங்கப்பாதை வாயிலிலும் ஓட்டுநர் ஊதலை அழுத்தினார்.

"உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இந்த ஊது ஊதுகிறான்?" என்றார் கிசாகு எரிச்சலாக.



கிசாகுவின் மனமெல்லாம் தம்பி மொகிச்சியிடம் இருந்தது. அப்பா நட்ட தேவதாரு மரங்களைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டி விற்றவர் கிசாகு. அன்றோடு பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை பேருந்தில் போனார். தெருமுனையில் அண்ணன் தலை தெரிந்ததுமே தம்பி பின்வாசல் வழியாகக் காட்டுக்குள் போய்விட்டார். இப்போது தம்பிக்கு நெஞ்சில் நோய். வரும் பனிக்காலத்தைத் தாண்டமாட்டார் என்று உறவினர்கள் சொன்னார்கள்.

அதனால்தான் இந்த முறை கணவாயின் மேல் போகும் பழைய நடைபாதை. அது நேரே தம்பி வீட்டுப் பின்வாசலில் போய் இறங்கும்.

"அங்கே நான் நின்றால் எப்படி ஓடுவான்?" என்று புறப்படும்போதே கேட்டிருந்தார். நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார் தெய்ஷுன்.

மலை நிலையத்தில் இறங்கி, பாசி படிந்த கற்பாதையில் ஏறினார்கள். கரடிகள் திரியும் காடு. நடப்பவர்கள் இடுப்பில் மணி கட்டிக்கொள்வது அங்கே வழக்கம். இருவரும் கட்டியிருந்தார்கள்.

கணவாயைத் தாண்டியதும் கீழே தம்பியின் வீட்டுக் கூரை தெரிந்தது. மணி கேட்டால் தம்பி எட்டிப் பார்ப்பான் என்று கிசாகுவுக்குத் தோன்றியது. கைக்குட்டையை மணிக்குள் திணித்தார். குருவை விட்டுவிட்டு வேகமாக இறங்கினார்.

ஒரு வளைவு. திரும்பியவர் அப்படியே நின்றார்.

பாறை இடுக்கில் ஒரு கரடி உதிர்ந்த கொட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு மூன்று பக்கமும் பாறை. வெளியேற இருந்த ஒரே இடத்தில் கிசாகு நின்றார்.

கரடி எழுந்து நின்றது. அதன் மூச்சு அவர் முகத்தில் படும்போல இருந்தது.

பின்னாலிருந்து தெய்ஷுன்னின் மணி நிதானமாக நெருங்கி வந்தது. "ஓடாதீர்கள். முதுகைக் காட்டாதீர்கள்," என்றார் தாழ்ந்த குரலில். "அப்படியே பின்னால் வாருங்கள். அதற்கு வழி விடுங்கள்."

கிசாகுவின் கால்கள் தாமாகப் பின்வாங்கின. பாதை காலியானது. கரடி ஒருமுறை உறுமியது. அவர்களைக் கடந்து பள்ளத்தில் இறங்கி மறைந்தது.

கிசாகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார்.

"உங்கள் மணி கேட்கவில்லை. அதனால் வேகமாக வந்தேன்," என்றார் தெய்ஷுன். அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் வீட்டின் பின்புறம் வந்துவிட்டார்கள். உள்ளே யாரோ இருமும் சத்தம். கிசாகு கதவை இழுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. தாம் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு குருவிடம் திரும்பி வந்தார்.

"முன்வாசலில் போய் மணியடித்தால் இந்த வழியாகப் போய்விடுவானே, அம்மா."

"போகக்கூடும்."

"இன்னொரு தடவை எனக்குக் கிடைக்காது."

"போக வழி இருந்தும் அவர் நின்றால், அதுதான் உங்களுக்காக நின்றது."

கிசாகு இடுப்பு மணியை அவிழ்த்து, அதிலிருந்து கைக்குட்டையை உருவினார். வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு நடந்தார். தெய்ஷுன்னும் கூடவே வந்தார். கிசாகு மணியடித்தார்.

உள்ளே இருமல் நின்றது. பிறகு பின்கதவு சரசரவென்று இழுபடும் ஓசை.

"போய்விட்டான்," என்றார் கிசாகு.

"கதவு திறந்தது மட்டும்தான் கேட்டது," என்றார் தெய்ஷுன். "அடியுங்கள்."

அவர் மறுபடி அடித்தார். மீண்டும் அடித்தார். காட்டிலிருந்து எதிரொலிதான் வந்தது.

பின்கதவு மறுபடி இழுபட்டது. இந்த முறை மூடும் ஓசை. தேய்த்துத் தேய்த்து வைக்கும் காலடிகள் முன்பக்கமாக வந்தன.

"போதும் நிறுத்து," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "எனக்கு நெஞ்சில்தான் நோய். காது நன்றாகக் கேட்கும்."

கிசாகு நிறுத்த நினைத்தும் அவர் கையில் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது.